வலை வைத்த இடத்தில் வலி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர், வழக்கறிஞர் பதில்கள்

ஹெர்னியா என்கிற குடலிறக்கத்துக்கும், கர்ப்பப்பை இறக்கத்துக்கும் 'வலை வைத்துத் தைத்த' பிறகு தொல்லைப்படுபவர்களின் கடிதங்கள் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கமிருந்து நிறையவே வந்திருக்கின்றன. உடம்பு பற்றியவற்றுக்கு அறுவை மருத்துவரும், வழக்கு பற்றியவற்றுக்கு வழக்கறிஞரும் பதில் எழுதியிருக்கிறார்கள். வாசகர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் விட்டிருக்கிறோம்.

கேள்வி: நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறேன், வயது 46. பதினான்கு மாதத்துக்கு முன் வலது தொடை இடுக்கில் கீறி, ஹெர்னியாவுக்கு வலை வைத்தார்கள். மூட்டைக்குக் குனிந்தால் சுரீரென்று விதைப்பை வரை இழுக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறார் டாக்டர். வலையை எடுத்துவிட்டால் தீருமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: 'போகப் போகச் சரியாகும்' என்பதற்கு ஒரு கெடு உண்டு. அது மூன்று மாதம். அதைத் தாண்டியும் வேலையைக் கெடுக்கிற வலி இருந்தால் அதைத் தனி நோயாக எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். தொடை இடுக்கு ஹெர்னியா அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பேருக்கு இப்படி நீடித்த வலி வருகிறது என்று சர்வதேச வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. வலை வைக்காமல் வெறும் தையல் போட்டவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆகவே உங்களுக்கு வந்தது அதிசயமல்ல. பதினான்கு மாதமாக யாரும் தொட்டுப் பார்த்துச் சோதிக்கவில்லை என்பதுதான் தவறு.

அந்த வலை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னியது. கீறி வைக்கும் முறையில் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம் இருக்கும். சில வாரங்களில் வலையின் கண்களுக்குள் தழும்புத் திசு வளர்ந்து, வரப்பில் அருகம்புல் வேரோடியதுபோல் பிடித்துக்கொள்ளும். குடல் மறுபடி பிதுங்காமல் தடுப்பது அந்தப் பிடிப்புதான். ஆனால் அதே இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன. தையலிலோ தழும்பிலோ அவற்றில் ஒன்று மாட்டிக்கொண்டால் எரிச்சல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற சுரீர், தொடையின் உள்பக்கம் மரத்துப்போதல் எல்லாம் வரும். வலை சுருங்கி மடிந்து கட்டிபோல் ஆகியிருந்தால் வலி வேறு மாதிரி இருக்கும்: உட்காரும்போதும் குனியும்போதும் உள்ளே அட்டையை வைத்ததுபோல் மந்தமாக அழுத்தும். ஹெர்னியா திரும்ப வந்திருந்தால் இருமும்போது அந்த இடம் புடைக்கும். நீங்கள் எழுதியிருப்பது நரம்பு வலியைப் போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவு வெளிநோயாளிகள் பகுதிக்குப் போங்கள். வலி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு விரல் முனையால் தொட்டுக் காட்டுங்கள். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. அதன்பின் மயக்க மருத்துவர் அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவார். சில நிமிடங்களில் வலி நின்றால் குற்றவாளி நரம்புதான். அதற்கு முதலில் பிரகாபலின், கபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகள், திரும்பத் திரும்ப ஊசி. அதிலும் அடங்காவிட்டால் நரம்பைத் துண்டிக்கும் அறுவை. வலையை எடுப்பது கடைசிப் படி. அருகம்புல்லைப் பிடுங்கினால் மண்ணோடு வருவதுபோல் வலையோடு திசுவும் வரும். விதைக்குப் போகும் இரத்தக்குழாய் அறுபடலாம், ஹெர்னியா திரும்பலாம், வலி அப்படியே இருக்கவும் கூடும். இதைப் பழகிச் செய்யும் அறுவை மருத்துவரிடம் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையை இன்றே குறைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வலிக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. வெயிலில் வியர்வை கொட்டக் கொட்டச் சுமை தூக்கும் உடம்பில் அதைத் தினமும் போட்டால் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். 40 கிலோ மூட்டையைத் தலைக்கு ஏற்றுவதைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் குனிந்து தூக்காமல், இருவர் ஏற்றிவிட நிமிர்ந்து நின்று வாங்குங்கள்.

கேள்வி: லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை) தொப்புள் ஹெர்னியாவுக்கு வலை வைத்து, தையல் நன்றாக ஆறியது. ஐந்து வாரம் கழித்துத் தொப்புளருகே சின்னக் கட்டி, அதில் ஓட்டை விழுந்து தண்ணீர்போல் சீழ். மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாற்றியும் ஆறவில்லை. சீழைப் பரிசோதித்ததில் 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட். இது என்ன?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: ஆறிய பிறகு வாரங்கள் கழித்து வந்தது, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காதது, சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் வளராதது. மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்களான, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியா. இந்தியாவில் லேப்ராஸ்கோப்பித் துளை வழியாக இது வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. ஆனாலும் பலர் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே மாதங்களைக் கழிக்கிறார்கள்.

ஏன் வருகிறது? லேப்ராஸ்கோப்பிக் கருவிகளில் கீல், நீளக்குழாய், ரப்பர் வால்வு என்று சந்துகள் அதிகம். அவற்றைப் பிரித்துத் தேய்க்காமல் குளுட்டரால்டிஹைடு கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகு குழாய்த் தண்ணீரிலேயே அலசி எடுத்தால் கிருமி அந்தச் சந்துகளில் தங்கிவிடும். அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அது துளை வழியே உள்ளே போகிறது. ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வைத்தால் இது நடக்காது. ஒரே நாளில் பல கேஸ் செய்யும் இடத்தில், நேரம் மிச்சம் என்று ஊறவைப்பதில் முடித்துவிடுகிறார்கள்.

பஞ்சில் ஒற்றியெடுத்த சீழ் போதாது. ஓட்டையின் உட்சுவரிலிருந்து சின்னத் துண்டுத் திசுவும், ஊசியில் இழுத்த சீழும் வேண்டும். அதை 'ஏ.எஃப்.பி. ஸ்மியர், மைக்கோபாக்டீரியா கல்ச்சர்' என்று தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சருக்கு ஆகாது. ஜீன்எக்ஸ்பர்ட் என்கிற காசநோய்ச் சோதனையில் 'டி.பி. இல்லை' என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம், அது இந்த உறவுக்காரர்களைப் பிடிக்காது. கிருமியின் பெயர் தெரிந்த பின் கிளாரித்ரோமைசின், அமிகாசின் போன்ற மருந்துகளைக் கூட்டாக மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். வழக்கமான டி.பி. மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யாது. கிருமி வலைவரை போயிருந்தால் வலையை எடுக்காமல் ஆறுவது அரிது. எத்தனை மருந்து கொடுத்தாலும் இழைகளின் மேல் அது பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காய்ச்சலோடு வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, ஓட்டையிலிருந்து மலநாற்றமோ பச்சை நீரோ வந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலை குடலை அரித்திருந்தால் அப்படித்தான் காட்டும்.

கேள்வி: எனக்கு 58 வயது. கர்ப்பப்பை இறங்கியதற்கு 2020 பிப்ரவரியில் கீழ்வழியாகவே வலை வைத்தார்கள். ஒரு வருடமாக அவ்வப்போது இரத்தக் கசிவு. உறவின்போது அவருக்கும் குத்துகிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இதைத் தடை செய்துவிட்டார்களாமே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, மயிலாடுதுறை

பதில் (மருத்துவர்): அம்மா, நீங்கள் சொன்னது வலை உள்தோலை அரித்து வெளியே தலைநீட்டியிருப்பதன் அடையாளம். விரலில் நூல்போல் தட்டுப்பட்டால் இழுத்துவிடாதீர்கள். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய மகப்பேறு, மகளிர் மருத்துவமனையில் கேட்டு, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வலை அந்தப் பக்கமும் துளைத்திருக்கக் கூடும். சிறிய அரிப்பென்றால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, வெளியே நீட்டிய பகுதியை மட்டும் வெட்டுவது. பெரிதென்றால் அறுவை. மாதவிடாய் நின்ற பிறகு வரும் எந்த இரத்தக் கசிவுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையும் சேர்த்தே செய்ய வேண்டும், வலைமேல் பழிபோட்டு அதை விட்டுவிடக் கூடாது.

தடையைப் பற்றி: எல்லா வலையையும் யாரும் தடை செய்யவில்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008 லிலும் 2011 லிலும் எச்சரித்து, 2016 இல் அபாயம் மிகுந்த வகுப்பில் சேர்த்து, 2019 ஏப்ரல் 16 அன்று, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்குக் கீழ்வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017 கடைசியிலேயே அவற்றைப் பதிவிலிருந்து நீக்க முடிவெடுத்தது. பிரிட்டனில் 2018 ஜூலையில் சிறுநீர்க் கசிவுக்கான நாடாவும் சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டது. வயிறு வழியாக வைக்கும் வலைக்கும் ஹெர்னியா வலைக்கும் இந்த உத்தரவுகள் பொருந்தா.

பதில் (வழக்கறிஞர்): அந்த நாடுகளில் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு அங்கே வழக்குப் போட்டவர்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவில் 2022 இல் 300 மில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்ட சமரசத்தில் இங்குள்ளவர் பங்கு கேட்க முடியாது. 'அமெரிக்க மெஷ் (வலை) வழக்கில் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். ஆனால் அந்த எச்சரிக்கையின் தேதி உங்களுக்கு உதவும். உங்களுக்கு வலை வைத்தது அமெரிக்க உத்தரவுக்குப் பத்து மாதம் பின்னால். சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் சம்மதப் படிவத்தில் வலை என்ற சொல்லே இல்லையென்றாலோ, வெறும் 'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று மட்டும் இருந்தாலோ அதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

கேள்வி: எந்த வலை வைத்தார்கள் என்று கேட்டால் 'அதெல்லாம் தரமாட்டோம்' என்கிறது தனியார் மருத்துவமனை. எப்படி வாங்குவது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வலை வந்த பெட்டிக்குள் ஒட்டும் சீட்டுகள் சில இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் எண்), காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். பெருவிரல் அகலமுள்ள அந்தச் சீட்டு இல்லாமல் தயாரிப்பாளர்மேல் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காதீர்கள். இப்படி எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: 'இன்ன தேதியில் இன்ன உள்நோயாளி எண்ணில் எனக்குச் செய்த அறுவையின் முழு கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவம், பொருத்திய வலையின் லாட் எண் கொண்ட சீட்டு, எல்லாப் பில்களின் நகலையும் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுகிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயார்.' உங்கள் கையில் ஒரு நகலும் தபால் ரசீதும் இருக்கட்டும். கொடுக்க மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். மறுத்ததே பிறகு நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவமனைக்கு எதிரான சாட்சி.

உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதே அந்த விதி. மயிலாடுதுறை வாசகி போன்றவர்கள் வீட்டுப் பீரோவைத்தான் தேட வேண்டும். மருத்துவமனை மருந்தகப் பில்லைப் பாருங்கள். மாத்திரை, குளுக்கோஸ் பட்டியலுக்கு நடுவே வலையின் பெயரும் பேட்ச் எண்ணும் அச்சாகியிருக்க வாய்ப்புண்டு. முதல்வர் காப்பீட்டில் செய்திருந்தால் 1800 425 3993 இல் கேட்டு, மருத்துவமனை அனுப்பிய ஆவணங்களைக் கோருங்கள். அரசு மருத்துவமனையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில் வர வேண்டும்.

வலையை எடுக்கும் அறுவை நடந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: எடுத்த வலையைப் படமெடுத்து, ஒரு துண்டை நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்பி, மீதியை முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்று. சாதாரணமாக அது மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய்விடும், உங்கள் முக்கியச் சாட்சியும் அதோடு போய்விடும். 'வலை சுருண்டு கிடந்தது, நரம்பு தையலில் மாட்டியிருந்தது' என்று இரண்டாவது மருத்துவர் அறுவைக் குறிப்பில் எழுதும் ஒரு வரிக்கு நூறு வாதங்களைவிட எடை அதிகம்.

கேள்வி: வழக்கு எங்கே போடுவது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாளுக்குள்? அரசு ஆஸ்பத்திரி என்றால் ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகர், திருவாரூர்

பதில்: பணம் கட்டிய சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னையில் அறுவை நடந்திருந்தாலும் திருவாரூரில் தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டிய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும், கேட்கும் இழப்பீட்டை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சந்தேகத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்களும் பட்டியலினத்தவரும் வருமானம் பாராமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம், எண் 15100.

காப்பீட்டில் செய்ததால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று தனியார் மருத்துவமனை வாதிடும். சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995 இலேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு மருத்துவமனைதான் இதில் வராது. அங்கே இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து உரிமையியல் வழக்கு, அல்லது தவறு பளிச்சென்று தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு. தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், திருவாரூர், நாகப்பட்டினக்காரர் சென்னைக்கு.

கெடு இரண்டு வருடம். எப்போதிலிருந்து என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். 1993 இல் பித்தப்பை அறுவையில் வயிற்றுக்குள் விட்டுவிட்ட துணியை 2002 இல் எடுத்த ஒருவர் 2004 இல் வழக்குப் போட்டார். இடையில் ஒன்பது வருடமும் வலி இருந்தது, மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார். வலி தொடர்ந்தபோதே காரணத்தைத் தேடியிருக்க வேண்டும் என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் காலாவதியென்று தள்ளியது. மறைந்த தீங்கு வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிடலாம்தான். ஆனால் அதற்கு நீங்கள் தேடி அலைந்ததற்கான சீட்டு வேண்டும். மன்னார்குடி வாசகர் இன்னும் பத்து மாதமே இருப்பதாக வைத்துக்கொண்டு நடக்கட்டும். மெடிக்கலில் வாங்கிய மாத்திரைக்கு ரசீதுகூட இருக்காது, ஓ.பி. சீட்டுக்கு மதிப்புண்டு.

எதைச் சொல்லி ஜெயிக்கலாம்? வலி வந்தது என்பதே கவனக்குறைவு ஆகாது, அது தெரிந்த பின்விளைவு. ஆபத்தைச் சொல்லாதது, பதினான்கு மாதம் பரிசோதிக்காதது, கும்பகோணம் வாசகி விஷயத்தில் கருவியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாதது ஆகியவை சேவைக் குறைபாடு. ஆட்டோகிளேவ் பதிவேட்டைக் கொண்டுவரும்படி ஆணையத்தில் மனுப் போடுங்கள். வலையின் வடிவமைப்பிலோ எச்சரிக்கைச் சீட்டிலோ குறை என்றால், 2019 நுகர்வோர் சட்டத்தின் 84 ஆம் பிரிவின் கீழ் தயாரிப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். உங்கள் சிகிச்சையோடு சம்பந்தமில்லாத அறுவை மருத்துவர் ஒருவரின் கருத்துக் கடிதம் இல்லாமல் போவது வீண். உடனே போலீசுக்குப் போவதும் பெரும்பாலும் வீண், கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்று 2005 தீர்ப்பு.

இதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். காசியாபாத்தில் இயங்கும் இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் மருத்துவச் சாதனங்களால் வரும் தீங்குகளைப் பதிவுசெய்கிறது. நோயாளியே 1800-180-3024 இல் சொல்லலாம். இழப்பீடு கிடைக்காது. ஆனால் ஒரே லாட்டில் பல புகார் சேர்ந்தால்தான் அந்த லாட்டை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: கொசுவலையை வெட்டி வைத்துத் தைக்கிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. உண்மையா?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: முழுக்கப் புரளியல்ல! உகாண்டாவில் 302 பேருக்குச் செய்து 2016 இல் வெளியான ஆய்வில், முறையாகக் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியும் விலையுயர்ந்த வலையும் ஒரு வருட முடிவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. நம் நாட்டில் உரிமம் பெற்ற வலையைத்தான் வைக்க வேண்டும். நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பெரிய வலையில் பாதியை வெட்டி ஒருவருக்கு வைத்து, மீதியை மறுபடி கிருமிநீக்கி அடுத்தவருக்கு வைப்பது. அடுத்தவருக்குச் சீட்டும் இருக்காது, ஆனால் முழு வலைக்கான பில் இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. சின்ன ஹெர்னியா, வலியில்லை. இதையெல்லாம் கேட்டபின் வலை வேண்டாம் என்கிறார்.
- வாசகி, நன்னிலம்

பதில்: வலியில்லாத சின்னத் தொடை இடுக்கு ஹெர்னியா உள்ள ஆண், மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். பெண்களுக்கு இந்தச் சலுகை இல்லை, அவர்களுக்குக் குடல் சிக்கும் ஆபத்து அதிகம். பிதுங்கியது உள்ளே போகாமல் கல்லாகி வலித்தால் அன்றே அறுவை. வலையில்லாமல் தைக்கும் முறைகளும் உண்டு. ஆனால் அவற்றில் ஹெர்னியா திரும்ப வருவது பொதுவாக அதிகம், செய்யப் பழகிய கையும் வேண்டும். அறுவைக்கு ஒப்புக்கொண்டால் முதல்நாளே கேளுங்கள்: என்ன வலை, புதுப் பெட்டியா, லேப்ராஸ்கோப்பி என்றால் கருவிகள் ஆட்டோகிளேவா ஊறவைப்பா. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதற்கு முன் வலைப் பெட்டியிலுள்ள ஒட்டும் சீட்டில் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.